கம்மல் பர்ஸ்

ஆகஸ்ட் 22, வெள்ளி

கால் போச்சு என்று எழுதி அடித்துவிட்டேன். போகவெல்லாம் இல்லை. முட்டி வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலப் பயிற்சியில் நடந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்கு அடியில் ஏறினேன். பேச்சி குறுக்கே வந்து நின்றாள். குதித்து இறங்கும்போது என் கால் அவள் பாதத்தின் மேல் விழுந்து, முட்டி மட்டும் தனியாக ஒரு பக்கம் திரும்பியது. உள்ளே ஏதோ ‘டப்’ என்றது. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். தள்ளி நின்ற ஜெபராணிக்கும் கேட்டதாம்.

பேச்சி என்கிற பேச்சியம்மாள் இரண்டாம் ஆண்டு. விளாத்திகுளம் பக்கத்துப் பெண். என் தோள் உயரம்கூட வரமாட்டாள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பெஞ்சில்தான் இருக்கிறாள். நகை போட்டுக்கொண்டு ஆடினால் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார் என்பதால் மேட்ச் முடிகிறவரை எங்கள் கம்மல், மூக்குத்தியை எல்லாம் ஒரு பர்ஸில் போட்டு வைத்துக்கொள்வதுதான் டீமில் அவள் வேலை. அப்படிப்பட்டவளை யார் என்னைத் தடுக்கச் சொன்னது? பயிற்சியில் எல்லோரும் எனக்கு வழிவிடுவார்கள். மூன்று வருடப் பழக்கம் அது.

செப்டம்பர் கடைசியில் கல்லூரிகள் போட்டியின் ஃபைனல். சென்னையில் ஒரு வங்கி அணியின் கோச் அம்மா ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். போன வருடம் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “டிகிரி முடிக்கிற வருஷம் ஃபைனல்ல உன்ன மறுபடி பாக்கறேன். இதே மாதிரி ஆடினா டீம்ல எடுத்துக்கலாம்” என்று சொல்லியிருந்தார். டீமில் எடுத்தால் வங்கியில் வேலை. இது என் கடைசி வருடம். இதை விட்டால் எனக்கு வேறு ஃபைனல் கிடையாது.

கழுகுமலையில் அப்பா சலூன் வைத்திருக்கிறார். சாமி படம் மாட்டவேண்டிய இடத்தில் பேப்பரில் வந்த என் படங்களை ஒட்டியிருக்கிறார். ஷேவிங்குக்குத் தலையை அண்ணாந்தால் நான்தான் தெரிவேன். வருகிறவர்களிடமெல்லாம் “பாப்பாவுக்கு பேங்க்ல வேலை ஆயிட்டு” என்று போன வருடமே சொல்லி முடித்துவிட்டார்.

ஐஸ் கட்டி கரைந்து பாய் நனைந்துவிட்டது. படுக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

தங்கபுஷ்பம் மேடம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எங்கள் பி.டி. மேடம். ஆஸ்பத்திரியிலும் கழுத்தில் விசிலோடு இருந்தார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்ட நேரம் பார்த்து மேடத்துக்குப் பிரின்சிபாலிடமிருந்து போன் வந்தது, வெளியே போய்விட்டார். நான் திரும்பி வந்ததும் “என்ன சொன்னாரு?” என்று கேட்டார். “சாதாரண வீக்கம்தானாம் மேடம். ரெஸ்ட் எடுத்தா போதுமாம்” என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தால் ஏதாவது தெரியும். தெரிந்தால் ஆறு மாதம் உட்கார் என்பார்கள். எடுக்காதவரை எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஜெபராணியாகத்தான் இருக்கும். என் ரூம்மேட், எங்கள் கேப்டன், நாசரேத்துக்காரி. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அப்பா ஸ்கேன் பேச்சுக்கே போகவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நேராக சங்கரன்கோவில் பக்கத்தில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “எலும்பு நல்லாருக்கு. நரம்புதான் பொரண்டு கெடக்கு. மூணு கட்டுப் போட்டா மான் கெணக்கா ஓடும்” என்றார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் சில்லு வைத்துத் துணியைச் சுற்றினார்.

“பாப்பாவுக்கு பேங்க்ல வேலை ஆயிட்டு. அதான் சீக்கிரம் சரியாவணும்” என்றார் அப்பா அவரிடமும்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார். “வலிக்கா?”

“இல்லப்பா.”

“எனக்குத் தெரியும். நீ தாங்கிருவ.”

ஆகஸ்ட் 27, புதன்

காலில் போட்ட கட்டின் முட்டை நாற்றம் குமட்டுகிறது. ஜெபராணி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாப்பிடும்போது ஒன்று தோன்றியது. நான் இல்லாத டீம் முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிவிடும். கட்டட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டே இரண்டு இட்லியை முடித்தேன். மூன்றாவது இட்லியில்தான் உறைத்தது. டீம் தோற்றுவிட்டால் ஃபைனலுக்கு எங்கே போவது? நாங்கள் ஃபைனலில் இல்லாவிட்டால் அந்தக் கோச் அம்மா யாரைப் பார்ப்பார்?

ஆக, இவர்கள் ஜெயிக்க வேண்டும். நான் இல்லாமல் ஜெயிக்கவும் கூடாது.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது கட்டு. வலி அப்படியே இருக்கிறது. வைத்தியரிடம் “குறைஞ்சிருக்கு” என்று சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மைதானத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாளைக்கு முதல் மேட்ச்.

மேடம் வந்து, “சும்மா ஒக்காந்திருக்கதுக்கு இத வச்சிக்கோ” என்று ஒரு பர்ஸை என் மடியில் போட்டார். நகைக்கடையில் கொடுப்பார்களே, சின்னதாக, சிவப்பு வெல்வெட்டில், அந்த மாதிரி. ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. கம்மல் பர்ஸ்.

“பேச்சி எங்க மேடம்?” என்றேன்.

“அவ நாளைக்கு ஆடுதால்லா, உன் எடத்துல.”

இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 6, சனி

காலை: நான் இல்லாமல் எவ்வளவு வித்தியாசத்தில் தோற்கிறார்கள் என்று பார்ப்போம்.

மாலை: ஜெயித்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதல் குவார்ட்டரில் அடி மேல் அடி. ஜெபராணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று முழிக்கிறாள். மூன்று வருடமாக என்னிடமே கொடுத்துப் பழகிய கை. ஒரு தடவை பழக்கதோஷத்தில் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் பாவம்தான், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே வங்கி ஞாபகம் வந்து திக்கென்றது.

எதிரணிக்காரிகளுக்கும் தமிழ் தெரியும் என்பதால் எங்கள் ஆட்ட முறைகளுக்கு மெஸ் சாப்பாட்டின் பெயர் வைத்திருக்கிறோம். பொங்கல், பூரி, கிச்சடி. பெயர்தான் வேறு, மூன்றிலும் பந்து கடைசியில் என் கைக்கு வந்துசேரும். இரண்டாவது குவார்ட்டரில் ஜெபராணி “ரசம்!” என்று கத்தினாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ரசம் என்று எங்களிடம் எதுவும் கிடையாது.

ஐந்து பேரும் ஓட ஆரம்பித்தார்கள். பந்து எவள் கையிலும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. ஜெபராணி, ரஹ்மத், பேச்சி, திரும்ப ரஹ்மத் என்று பறந்தது. எதிரணிக்காரிகள் பந்து போன இடத்துக்கு வந்துசேர்வதற்குள் அது அங்கே இருப்பதில்லை. கடைசியில் எவள் ஆளில்லாமல் நிற்கிறாளோ அவள் போடுகிறாள். யார் போடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எல்லோரும் என் முன்னால் கையை நீட்டினார்கள். பாராட்டத்தான் என்று ஒரு கணம் நானும் கையை நீட்டிவிட்டேன். கம்மல் கேட்டார்கள்.

எந்தக் கம்மல் யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜெபராணி கையில் ரஹ்மத்தின் ஜிமிக்கியைக் கொடுத்தேன். ஒரே சிரிப்பு. பேச்சிதான் வந்து குந்தி உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். “பூ போட்டது ரஹ்மத் அக்காவுது. நூல் சுத்தியிருக்கது ஜெபா அக்காவுது, அதுல திருகாணி லூசு.” பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “ஒங்க கம்மல்ல ஒரு கல்லு விழுந்திருக்குக்கா. போன வருசமே” என்றாள்.

“அப்பமே சொல்ல வேண்டியதுதான?”

“ஏசுவீங்கன்னு சொல்லல.”

ரூமுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வலது காதில் கல் இல்லை. எத்தனை படத்துக்கு இப்படியே நின்றிருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கேட்டே விட்டேன். “ரசம் எப்பம்ட்டி வச்சீங்க?”

ஜெபராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “ஜூன்ல. நீ ஸ்டேட் கேம்ப்புக்குப் போயிருந்தல்லா, அப்பம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஆடுவியா?”

“ஏன், ஆட மாட்டனா?”

“செண்பா, ரசத்துல பந்து கைக்கு வந்த ஒடனே குடுக்கணும்” என்றாள். அவ்வளவுதான். என் சுடிதாரையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பேரை யார் வைத்தது என்று பிறகு ரஹ்மத்திடம் கேட்டேன். பேச்சியாம். மெஸ்ஸில் சாம்பாரும் பொரியலும் முன்வரிசையோடு தீர்ந்துவிடும், ரசம் மட்டும்தான் கடைசி ஆள்வரை வரும், அதனால் அந்தப் பெயராம். நான் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் என் காதுக்கு வந்ததே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

மூன்றாவது கட்டையும் பிரித்தாயிற்று. மான் ஓடவில்லை. படி இறங்கும்போது முட்டி வழுக்கிக்கொண்டு தனியாகப் போகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, போன் பேசுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு இறங்குகிறேன்.

செப்டம்பர் 13, சனி

கால் இறுதி. ஜெயித்தார்கள். பேச்சிதான் அதிகப் பாயிண்ட். கூட்டத்தில் எவனோ “குட்டைப்புள்ள சூப்பர்” என்று கத்தினான். மூன்று வருடம் இதே மைதானத்தில் என் பெயரைக் கத்திய வாய் அது.

இந்தத் தடவை கம்மல்களைச் சரியாகக் கொடுத்தேன். பேச்சி “பரவால்லியே அக்கா” என்றாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜெபராணியோடு சண்டை.

“அந்தப் பேச்சி மட்டும் அன்னைக்குக் குறுக்க வராம இருந்திருந்தா” என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லவிடவில்லை.

“அவ எங்கட்டி வந்தா? நின்ன எடத்துலதான் நின்னா. நீதான் அவ மேல ஏறுன. எல்லாரும் பாத்தோம்.”

“எல்லாரும்னா?”

“எல்லாருந்தான். மேடமும்.”

அன்றைக்குப் பேச்சி எனக்குத் தரவேண்டிய பந்தை இரண்டு தடவை ரஹ்மத்துக்குக் கொடுத்தாள். நான் கையைத் தூக்கிக் கேட்டும் அவளுக்கே கொடுத்தாள். அதற்காக ஒரு இடி இடித்துவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். ஆட்டமென்றால் இடிக்கத்தான் செய்வார்கள். அவளுக்குக் காலில் ஒன்றும் ஆகவில்லையே.

மேடமும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். என்னை யாரும் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

அப்பா போன். “கோச்சம்மா வாரது உறுதிதான பாப்பா?” உறுதிதான் என்றேன். “அப்பம் சரி. ஊர்க்காரனுவ நாலு பேரு கேக்கானுவ. வாயில விழாம வேல வாங்கிரணும்” என்றார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவருக்கு அது ஆறிப்போன விஷயம். மூன்று கட்டுப் போட்டாயிற்றே.

செப்டம்பர் 20, சனி

அரை இறுதி ஜெயித்தோம்.

‘தோம்’ என்று எழுதியிருக்கிறேன். கையே எழுதிவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

மேடம் தனியாகக் கூப்பிட்டார். ஃபைனல் தூத்துக்குடியில். வங்கிக் கோச் வருகிறார்.

“கால் எப்பிடி இருக்கு? உண்மையச் சொல்லு.”

“நல்லாருக்கு மேடம்.”

என் முட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா கேட்டுக்கோ. பதினஞ்சு பாயிண்ட் லீட் இருந்தா கடைசி ரெண்டு நிமிசம் ஒன்ன எறக்குதேன். ஓட வேண்டாம், நின்னு போடு. அந்தம்மா கண்ணுல பட்டா போதும். இவளுவகிட்டயும் கேட்டுட்டேன். அஞ்சு பேரும் சரின்னுட்டாளுவ.”

என்னை இறக்கலாமா என்று இவர்களைக் கேட்டிருக்கிறார். இவர்களும் உட்கார்ந்து யோசித்து, சரி பாவம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பேச்சியும் அனுமதி கொடுத்திருக்கிறாள். “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 27, சனி

வேனில் திரும்பும்போது எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நானும் கைதட்டினேன். இப்போது எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

எதிரணி நாகர்கோவில். போன வருடம் ஃபைனலில் நான் நார் நாராகக் கிழித்த அதே டீம். அவர்களுடைய எட்டாம் நம்பர் நெட்டச்சி போன வருடம் என்னைத் தடுக்கமுடியாமல் மைதானத்திலேயே அழுதவள். இன்றைக்கு பெஞ்சில் என்னைப் பார்த்துவிட்டு வந்து நலம் விசாரித்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் கோச் அம்மா நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் வைத்தேன். அவரும் வைத்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. இவர்களுக்காக நான் இப்படிக் கத்தியதே இல்லை. ரஹ்மத் ஒரு ஷாட்டை விட்டால் என் உயிரே போயிற்று. பேச்சி போட்டால் ஒற்றைக்காலில் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்கு வேண்டியது பதினைந்து. எட்டு வந்தது, பதினொன்று வந்தது, திரும்ப ஏழுக்குப் போனது. வேண்டாத சாமி இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பிரின்சிபால் தங்கபுஷ்பம் மேடத்திடம், “அடிபட்டும் இந்தப் பொண்ணுக்கு டீம் மேல எவ்ளோ பாசம் பாருங்க” என்றது காதில் விழுந்தது. மேடம் ஸ்கோர் போர்டைப் பார்த்தார்.

கடைசி குவார்ட்டரில் பதினாறு.

மேடம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கம்மலைக் கழற்றினேன். பேச்சி மூச்சிரைக்க ஓடிவந்து, கேட்காமலே கையை நீட்டினாள். என் கம்மலையும் போட்டு பர்ஸை அவள் கையில் வைத்தேன். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள். எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் என் இடத்தில், அதாவது அவளுடைய பழைய இடத்தில், உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்தில் கைதட்டல். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள்.

ஜெபராணி “பொங்கல்!” என்று கத்தினாள். பொங்கல் என்றால் எல்லோரும் விலகிக் கொடுக்க, பந்து எனக்கு. ஒரு மாதமாக இவர்கள் பொங்கல் ஆடவே இல்லை. பந்து வந்தது. ஜெபராணியின் பாஸ் எனக்கு மனப்பாடம், நெஞ்சில் வந்து அறையும். இன்றைக்கு வந்தது அப்படி இல்லை. படுத்திருக்கிற நோயாளிக்கு ஆரஞ்சுச் சுளை கொடுக்கிற மாதிரி மெதுவாக வந்தது.

திரும்பினேன். எதிரே அந்த எட்டாம் நம்பர். கையைத் தூக்கி நின்றவள் என் காலைப் பார்த்தாள். பிறகு ஓரடி பின்னால் போனாள். கையைக் கீழே இறக்கினாள். எனக்கு வழிவிட்டாள்.

மூன்று வருடமாகப் பயிற்சியில் எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதுவும் இதே மாதிரிதான் இருந்திருக்குமோ?

போட்டேன். விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்த நெட்டச்சியும் தட்டினாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான பாஸ்கெட் போட்டதில்லை. அடுத்த பந்துக்குத் திரும்பும்போது முட்டி வழுக்கியது. யார் மேலும் மோதவில்லை, சும்மா நின்ற இடத்தில். விழாமல் ரஹ்மத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். மேடம் விசிலை வாயில் வைத்துவிட்டு, இது மேட்ச் என்று ஞாபகம் வந்து எடுத்தார். பேச்சி திரும்ப உள்ளே போனாள். பர்ஸ் பெஞ்சில் இருந்தது.

ஜெயித்தோம்.

கோச் அம்மா எங்களிடம் வந்தார். நேராக ஜெபராணியிடம் போனார். “நீதானே பாயிண்ட் கார்டு, பந்தைப் பிரிச்சுக் குடுக்கறவ? மூணு வருஷமா ஆடறியா? நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்?” என்று போன் நம்பர் வாங்கிக்கொண்டார். நீ என் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய் அம்மா, பந்து அதற்கு எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? பிறகு பேச்சியைக் காட்டி, “அந்தச் சின்னப் பொண்ணு எந்த வருஷம்?” என்று மேடத்திடம் கேட்டார். இரண்டாம் வருடம் என்றதும், “சரி, அடுத்த வருஷம் வரேன்” என்றார்.

என்னிடம் கடைசியாக வந்தார். ஒரே கேள்விதான்.

“ஸ்கேன் எடுத்தியாம்மா?”

“எடுத்தாச்சு மேடம். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.”

முட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “சரிம்மா” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வேன் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

பரிசளிப்பில் சிறந்த ஆட்டக்காரி என்று பேச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் கம்மல்களைப் பிரித்துக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள். “அக்கா, ஒரு நிமிசம் புடிங்க” என்று பர்ஸை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பிறகு எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஓரத்தில் நானும் நின்றேன். கல் விழுந்த கம்மலும் இல்லாத வெறும் காது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெபராணியைச் சென்னைக்கு ட்ரையலுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்கக்கூடாது என்றுதான் தண்ணீர். வெளியே வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “எனக்கு வேண்டாம்ட்டி, நீ போ” என்று பைத்தியம் மாதிரி உளறினாள். அவள் சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னாள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணுகிறாளே.

செப்டம்பர் 30, செவ்வாய், கழுகுமலை

நாளைக்கு ஆயுத பூஜை. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு, அதனால் அப்பா காலையிலிருந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலிகளை வெளியே போட்டு, கத்தரிக்கோல், சீப்பு, மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். நான் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். முட்டி பழையபடி வீங்கிவிட்டது. பஸ் பயணம் என்று சொல்லியிருக்கிறேன்.

தெருவில் போன ஒருவர் எட்டிப்பார்த்து, “என்ன, பேங்க் ஆபீசர் வந்தாச்சா?” என்றார். அப்பா சிரித்தார். “லெட்டர் எப்பம் வரும் பாப்பா?” என்று என்னைக் கேட்டார்.

“பூசையெல்லாம் கழிஞ்சுதாம்ப்பா வரும்.”

“வரட்டும், வரட்டும். என்ன அவசரம்.”

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். விரித்துக் காட்டினார். டீம் படம் கலரில் வந்திருக்கிறது. நடுவில் கோப்பையோடு ஜெபராணியும் பேச்சியும். கீழே பொடி எழுத்தில் அவர்களுடைய பாயிண்டுகள். என் பெயர் எங்கேயும் இல்லை. “எழுத்து கெடக்கு, நமக்குப் படந்தான வேணும்” என்றார் அப்பா. படித்தாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

துடைத்து வைத்த கத்தரிக்கோலை எடுத்தார். படத்தில் என்னை மட்டும் சுற்றி வெட்டினார். முப்பது வருடமாக வெட்டுகிற கை, ஒரு பிசிறு இல்லை. ரஹ்மத் என் தோளில் போட்டிருந்த கை மட்டும் என்னோடு வந்தது. அதையும் பார்த்து நறுக்கினார்.

கண்ணாடிக்கு மேலே ஒட்டுவதற்கு முன்னால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கையில செவப்பா என்னமோ நெஞ்சோட புடிச்சிருக்கியே. மெடல் பெட்டியா?”

“ஆமாப்பா.”

“நல்லா தெரியுது” என்றார். ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

பிறகு விளக்குமாற்றை எடுத்தார். நாற்காலிக்கு அடியில், சுவர் மூலையில் எல்லாம் ஒதுங்கிக் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். படத்தின் மிச்சம் தரையில் கிடந்தது. ஜெபராணி, பேச்சி, ரஹ்மத், கோப்பை, எல்லாம் முடியோடு சேர்ந்து வாசலை நோக்கிப் போனது. என் காலடியைத் தாண்டித்தான் போனது. எடுக்கலாம் என்று தோன்றியது. முட்டியை மடக்கிக் குனியமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை இன்னும் கொஞ்சம் தூக்கி அவர் கூட்டுவதற்கு வழிவிட்டேன்.